மினி பஸ்ஸின் பின்னால் என் முகம்

பல் ஆஸ்பத்திரி திறந்தும் ஆள் வராததால், போன வாரம் தென்காசி - குற்றாலம் மினி பஸ் ஒன்றின் பின்புறத்தில் என் படத்தைப் போட்டு விளம்பரம் கொடுத்திருந்தேன்.

இன்று காலை ஸ்கூட்டரில் போகும்போது அந்த பஸ் பழுதாகி நிற்பதைப் பார்த்தேன். நின்ற இடம் வேறொரு பல் ஆஸ்பத்திரியின் வாசல்.

இறங்கி நின்ற பயணிகளில் ஒருவர் கன்னத்தைப் பிடித்தபடி, படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீங்கதானாம்மா?"

"ஆமா அண்ணாச்சி."

"பல்லு ரொம்ப நாளா வலிக்கி. இந்தப் படத்தப் பாத்த பொறவுதான் டாக்டர்ட்ட காட்டணும்னே தோணுச்சு."

எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

"வாங்க அண்ணாச்சி, ஆய்க்குடி ரோட்டுலதான் நம்ம ஆஸ்பத்திரி. நானே வண்டில கூட்டிட்டுப் போறேன்."

"எதுக்கும்மா அம்புட்டுத் தூரம்? இங்கனயே ஒண்ணு இருக்குல்லா" என்று சொல்லிவிட்டு அந்த வாசலில் படியேறிப் போனார்.

அவருக்குப் பின்னாலேயே இன்னொரு அம்மாவும் தாடையைத் தடவிக்கொண்டே கிளம்பினார்.

நான் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினேன். டிரைவர் யாரையும் கூப்பிடுவதற்கு முன்பே, படத்திலிருந்த என் முகத்தில் இரண்டு கையையும் வைத்து பஸ்ஸைத் தள்ள ஆரம்பித்தேன்.

நல்ல டீசல் மெக்கானிக் யாராவது தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள். கொஞ்சம் அவசரம்.