நூற்றுக்கு மேல் வராது

பிக்கட்டி கிராமத்துக்கு மேலே, எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மலைச் சரிவில், மண்சரிவை முன்கூட்டியே அறிய, மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவி ஒன்றை நட்டிருந்தோம். மணிக்கொருமுறை அது அனுப்பும் எண்ணைச் சதவீதமாக மாற்றி போனில் காட்டும் புரோகிராம் நான் எழுதியது. தொண்ணூறைத் தாண்டினால் அலாரம் அடிக்கும். நூற்றுக்கு மேல் ஏது சதவீதம்? அப்படி வந்தால் தவறென்று தள்ளிவிட்டு, பழைய எண்ணையே காட்டச் சொல்லியிருந்தேன்.

அன்று பேய் மழை. லைனில் குடியிருக்கும் ராணி அக்கா போன் செய்தார்.

"தம்பி, பின் செவுத்துக்கிட்ட தரையிலயிருந்து தண்ணி பொங்குது. மெஷின் என்ன சொல்லுது?"

"அறுபத்தெட்டுதானுங்க அக்கா. பயப்படாதீங்க."

"எனக்குப் பயமாத்தான் இருக்கு," என்று போனை வைத்துவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது சரிவு இடிந்து, லைன் இருந்த இடத்தில் வெறும் சேறு. சற்றுத் தள்ளி, கோயில் வாசலில் எல்லோரும் நனைந்தபடி நின்றிருந்தார்கள். அக்காதான் கதவு கதவாகத் தட்டிக் கூட்டி வந்திருக்கிறார்.

"இப்ப என்ன காட்டுது தம்பி?"

கருவியே மண்ணுக்குள் போய்விட்டது. என் போனில் பச்சை நிறத்தில் அறுபத்தெட்டு.

வீட்டுக்கு வந்து, தள்ளப்பட்ட எண்களைத் திறந்தேன். நூற்று நான்கு. அடுத்து, நூற்றுப் பதினொன்று. எங்கள் வீட்டுப் பூந்தொட்டி மண்ணை நனைத்து, கருவி அதில் காட்டியதையே நூறு என்று வைத்தவன் நான். மலை அதற்கு மேலும் தண்ணீர் குடிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது நம்ப முடியாத எண் வந்தால் புரோகிராம் சிவப்பில் 'தெரியவில்லை' என்று காட்டி அலாரம் அடிக்கிறது. அன்று அக்கா கேட்டபோது, அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை.