ஆடிக் காற்றில் எனக்கு முன்னால் போனது

பேய், முனி, காத்துக் கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய் டிவியைப் போடுகிற ஆள் நான். இதைக் கேட்டுவிட்டு நீங்களும் எழுந்து போகலாம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற வேலை, முடியளவு கூடினாலும் குறைந்தாலும் மைக்ரோமீட்டர் காட்டிக் கொடுத்துவிடும். அளக்க முடியாததை நம்பி எனக்குப் பழக்கமே இல்லை.

எனக்கு இருக்கிற ஒரே பைத்தியம் கிராவல் சைக்கிள். பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரி ஹேண்டில் வளைந்திருக்கும், டயர் மட்டும் தடிமன், தார் ரோட்டை விட்டு இறங்கி மண் பாதை, ஜல்லி, வாய்க்கால் கரை எதிலும் ஓட்டலாம். கோட்டைமேட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஷாஜகான் அண்ணன்தான் எங்கள் சின்னக் கூட்டத்துக்குத் தலைவர். ஒவ்வொரு ஆடியிலும் உடுமலைப்பேட்டையில் ஒரு தென்னந்தோப்பிலிருந்து கிளம்பிக் கிழக்கே அமராவதி ஆற்றங்கரை வரை போய், காட்டுப் பாதையிலேயே திரும்பி வருவோம். காலையில் காற்று முதுகைத் தள்ளும். திரும்பும்போது பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற அதே காற்று முகத்தில் அறையும். அண்ணன் வேண்டுமென்றேதான் ஆடியில் வைப்பார்.

எனக்கு மார்பில் கட்டி வந்து ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்த பிறகு இரண்டு ஆடி போனேன். இரண்டு தடவையும் திரும்புகிற வழியில் முடியாமல், அண்ணனின் மனைவி சபீனா ஓட்டி வந்த வேனில் ஏறித்தான் வந்தேன். பின்சீட்டில் உட்கார்ந்து, என் சைக்கிள் வேன் கூரையில் ஆடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தது இருக்கிறதே, கீமோவைவிட அதுதான் எனக்குக் கசந்தது. நான் சொல்லப்போவது மூன்றாவது ஆடி.

கிளம்பும்போதே சபீனா வந்து, "அக்கா, முடியலைன்னா ஒரு போன் போடுங்க, வண்டிய எடுத்துட்டு வந்தர்றேன்" என்றாள்.

"இந்தத் தடவை போன் வராதுங்க சபீனா" என்றேன்.

வாய் சொல்லிவிட்டது. மத்தியானம் ஆற்றங்கரையில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு மேற்கே திரும்பியதும் முடியாது என்று தெரிந்துவிட்டது. காற்று என்றால் அப்படி ஒரு காற்று, மின்சாரக் காற்றாடிகள் உறுமிக்கொண்டு சுற்றுகின்றன, தென்னை மட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாக வாரிவிட்ட மாதிரி கிடக்கின்றன, இறக்கத்தில்கூட மிதித்தால்தான் சைக்கிள் நகர்கிறது. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். ஷாஜகான் அண்ணன் மட்டும் எனக்காக நின்று நின்று வந்தார்.

"அம்மணி, உடம்புதானுங்க முக்கியம். வேனுக்குச் சொல்லிப்போடட்டுமா?"

"நீங்க போங்கண்ணா. எனக்காக நிக்காதீங்க" என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். அவர் தயங்கித் தயங்கிப் போனார்.

வயலுக்கு நடுவே கூரை விழுந்த ஒரு கல் மண்டபம் இருக்கிறது. மேற்கே மலையாளக் கரையிலிருந்து மிளகு ஏற்றிய பொதிமாடுகள் போன காலத்து வழி அது, வழிப்போக்கர்கள் தங்கக் கட்டினது என்பார்கள். அந்த வருடம்தான் அண்ணன் இந்த வழியாகத் திரும்பச் சொல்லியிருந்தார், மண்டபத்தைத் தாண்டினால் எனக்குப் புதுப் பாதை. மண்டபத்தடியில் காலை ஊன்றி நின்றுவிட்டேன். தொடை நடுங்குகிறது, வாயெல்லாம் மண். போனை எடுத்துச் சபீனா நம்பரையும் எடுத்துவிட்டேன். பிறகு என்ன தோன்றியதோ, போனைப் பைக்குள் போட்டு மறுபடி ஏறினேன். வீம்புதான், வேறென்ன.

நம்பினால் நம்புங்கள், கொஞ்ச தூரம் போனதும் என் மேல் காற்று நின்றுவிட்டது.

காற்று அடங்கவில்லை, என் மேல் மட்டும் நின்றது. சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும், முன்னால் ஒருவர் போனால் அவர் முதுகுக்குப் பின்னால் காற்று உறைக்காது, அதனால்தான் நாங்கள் மாறி மாறி முன்னால் போவோம். அப்படித்தான் இருந்தது. ஆனால் எனக்கு முன்னால் யாருமே இல்லை, வெறும் பாதை. அளந்து பார்க்கிற புத்தி விடுமா, இடது கையை வெளியே நீட்டினேன். காற்று கையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. உள்ளே இழுத்தேன், அமைதி. வலது கையை நீட்டினேன், அதே கதை. முன்னால் போவது எதுவானாலும் என்னைவிட அகலமாக இருந்தது.

பிறகு வாசம் வந்தது. வேர்த்த மாட்டின் வாசமும் புண்ணாக்கு வாசமும். அதோடு மூச்சு, புஸ் புஸ் என்று பெரிய மூச்சு, என் பெடலோடு சேர்ந்து வருகிற மாதிரி.

பயந்திருக்க வேண்டும், இல்லையா? எனக்குப் பயமே வரவில்லை. செத்துக் கிடந்த கால் உயிர் பெற்று மிதிக்கிறது, சக்கரத்துக்கடியில் ஜல்லி பொரிகிற சத்தம் வேகமாகக் கேட்கிறது, அந்தச் சந்தோஷத்தில் இது என்ன ஏது என்று கேட்கக்கூட எனக்கு மனசில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்த மூச்சு திணற ஆரம்பித்தது. வேகமும் குறைந்தது. முன்னால் போகிறவர் களைத்தால் பின்னால் இருப்பவர் முன்னால் போக வேண்டும், அது எங்கள் வழக்கம். யோசிக்கவே இல்லை, வலது பக்கம் ஒதுங்கித் தாண்டிப் போனேன். அந்த வெற்றிடத்தைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் பின்னாடி வாங்க, நான் முன்னால போறேனுங்க" என்று மரியாதையாகவே சொன்னேன். இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது.

காற்று சுவர் மாதிரி வந்து மோதியது. தலையைக் குனிந்து மிதித்தேன். பிடரியில் சூடாக, ஈரமாக மூச்சு பட்டது. இரண்டு வருடம் எல்லோரும் என்னைத் தாங்கித் தாங்கியே வைத்திருந்தார்கள், தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்க விடவில்லை. இப்போது ஏதோ ஒரு பெரிய உயிர் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி வருகிறது. அதற்காக நான் காற்றை உடைத்துக்கொண்டு போனேன். வாய்விட்டுக் கத்திக்கொண்டே மிதித்தேன். நான் களைத்தபோது அது முன்னால் வந்தது, அது களைத்தபோது நான் போனேன். தார் ரோடு வந்து சேரும் இடத்தில் மூச்சுச் சத்தம் நின்றது. அதற்குப் பிறகு முழுக் காற்றும் என் மேல்தான், ஆனால் அந்தக் காற்று அப்போது எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

தோப்புக்குள் நான் நுழையும்போது வெயில் இன்னும் இருந்தது. எல்லோரும் அப்போதுதான் வந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஷாஜகான் அண்ணன் இளநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"எப்பிடிங்க அம்மணி வந்தீங்க? காத்து எங்களையே தள்ளிப்போட்டுதுங்க."

நான் சிரித்தேன். சபீனா கட்டிப்பிடித்து அழுதாள், அப்புறம் துண்டை எடுத்து என் கழுத்தைத் துடைத்தவள் கையை மோந்து பார்த்தாள்.

"ஏனுங்க அக்கா, வழியில மாடு ஏதாச்சும் நக்குச்சுங்களா? சட்டையெல்லாம் எச்சியா இருக்குது."

நான் இன்னும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

பிறகு அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, காற்று ஓய்ந்த ஒரு மாதத்தில் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். மண்டபத்திலிருந்து தார் ரோடு வரை வேறு பாதையே கிடையாது, ஒரே ஒரு இட்டேரி, இரண்டு பக்கமும் கிளுவை முள்வேலி. ஒரு சைக்கிள் போனால் எதிரே ஆள் வர முடியாது. நான் அன்றைக்கு ஓட்டிய பாதை இரண்டு வண்டிகள் ஒன்றாகப் போகிற அகலம், இரண்டு பக்கமும் வெட்டவெளி. அங்கே புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் வேலியை எப்போது போட்டார்கள் என்று கேட்டேன்.

"நான் கண்ணாலமாகி வந்த நாள்லருந்து இப்பிடித்தான் இருக்குதுங்க கண்ணு" என்றார்.

"எப்பிடித் தாண்டுனீங்கன்னு ஓட்டிக் காமிங்க" என்றார் அண்ணன். மெதுவாகத்தான் வலது பக்கம் ஒதுங்கினேன். ஹேண்டில் வேலியில் மாட்டி, முழங்கை வரைக்கும் முள் கிழித்துவிட்டது.

அதற்குப் பிறகு எந்த ஆடியிலும் நான் வேனில் ஏறியதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த இட்டேரிக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு நிமிடம் காலை ஊன்றி நின்றுவிடுகிறேன். அன்றைக்கு எத்தனையோ தடவை வலது பக்கம் ஒதுங்கித் தாண்டியிருக்கிறேன், வீட்டுக்கு வந்து குளிக்கும்போது பார்த்தேன், என் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.