பெயர் சொல்லாத பெரியப்பா

மொன்றியல் நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் படங்களைப் பெரிதாக்கிச் சட்டமிட்டுக் கொடுக்கும் கடையொன்றில் அப்போது வேலை செய்தேன். முதலாளி யாழ்ப்பாணத்தார். அந்த வசந்தத்தில் கனடா அரசு புலிகள் இயக்கத்தைத் தடை செய்திருந்தது. கோடையில் சாதாரண உடுப்பில் பொலிசார் இருவர் வந்து, யார் யாருடைய படங்களைப் பெரிதாக்குகிறோம் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

"தம்பி, தெரியாத ஆக்களோட கனக்கக் கதையாதை" என்றார் முதலாளி.

அவர் சொல்லியிருக்கத் தேவையில்லை. நான் தெரிந்த ஆட்களோடும் கதைக்காதவன்.

ஒக்டோபர் கடைசியில் ஐரிஷ் மூதாட்டி ஒருவர் வந்தார். எண்பதை நெருங்கியிருப்பார். இரண்டு பழைய படங்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றில் கோட்டு அணிந்த இளைஞன். மற்றதில் அதே மூக்கோடு இன்னொருவன், பிரித்தானிய இராணுவச் சீருடையில்.

"இருவரையும் ஒரே சட்டத்தில் போட வேண்டும். இவருடைய சீருடையை எடுத்துவிட்டு ஒரு கோட்டுப் போட முடியுமா?"

எங்கள் ஆட்கள் கொண்டு வரும் வேலை அது. செத்துப்போன பிள்ளையின் முகம் வரவேற்பறையில் இருக்க வேண்டும், பொலிஸ் வந்தால் சீருடை தெரியக் கூடாது. இவருக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது?

"அப்படி நாங்கள் செய்வதில்லை" என்றேன்.

"செய்வீர்கள் என்று எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்கு வரும் தமிழ்ப் பெண் ஒருத்தி சொன்னாளே." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்குச் சகோதரர்கள் உண்டா?"

"இல்லை."

அது பொய். எனக்கு ஒரு அண்ணன் இருந்தார். எங்கள் இயக்கப் பொடியன்களே அவரைச் சந்தியில் வைத்துச் சுட்டார்கள். கழுத்தில் துரோகி என்று எழுதிய மட்டை. செத்த வீட்டுக்கு நாலு பேர்தான் வந்தார்கள். அதன்பிறகு வீட்டில் அவர் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டோம். மொன்றியலில் என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். எனக்குப் பொலிசுக்கும் பயம், எங்கள் சனத்துக்கும் பயம்.

படங்களை வைத்துவிட்டு மூதாட்டி போனார். "செய்து குடு. கதை குடுக்காதை" என்றார் முதலாளி. செய்தேன்.

மறுவாரம் வந்து பார்த்தார்.

"இது அவர் இல்லை. யாரோ வங்கியில் வேலை பார்ப்பவன் மாதிரி இருக்கிறது. சீருடையைத் திரும்பப் போட்டுவிடுங்கள்."

"அப்போது ஏன் எடுக்கச் சொன்னீர்கள்?" என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். இருவரும் அவருடைய பெரியப்பாக்கள். ஒருவர் பிரித்தானிய இராணுவத்தில் சேர்ந்து முதலாம் உலகப் போரில் பிரான்சில் செத்தார். அதே வசந்தத்தில் அயர்லாந்தின் விடுதலைக்காக டப்ளினில் அதே இராணுவத்துக்கு எதிராகத் துவக்குத் தூக்கி மற்றவர் செத்தார். கலகக்காரர் தியாகியானார், அவருடைய படம் இயேசுவின் திருவிருதயப் படத்துக்குக் கீழே தொங்கியது. சிப்பாயின் படம் பிஸ்கற் தகரப் பேணிக்குள் கிடந்தது.

"மாலையில் அப்பா செபமாலை சொல்லி முடித்து, இறந்தவர்களுக்காகச் செபிப்பார். ஒரு அண்ணனின் பெயரைச் சொல்வார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். அதன்பிறகுதான் ஆமென். எல்லா வீட்டிலும் செபம் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்."

சீருடைப் படத்தைக் கையில் எடுத்தேன். அப்போதும் ஒரு புத்தி, இதையெல்லாம் இவர் எனக்கு ஏன் சொல்கிறார் என்றது.

"நவம்பரில் இந்தத் தெரு முனையில் இருக்கும் எங்கள் கோயிலில் ஒரு புத்தகம் வைப்பார்கள்" என்றார். "இறந்தவர்களின் பெயரை எழுதினால் மாதம் முழுக்கச் செபிப்பார்கள். யாரும் எழுதலாம்."

வியாழக்கிழமை வேலை முடிந்து அந்தத் தேவாலயத்துக்குப் போனேன். செபிக்க அல்ல, அவர் சொன்னது உண்மையா என்று பார்க்க. பீடத்துக்குப் பக்கத்தில் புத்தகம் திறந்திருந்தது. நடுங்கும் கையெழுத்தில் ஒரே குடும்பப் பெயரோடு இரண்டு பெயர்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. சுற்றிலும் பார்த்தேன். மெழுகுதிரிகளுக்கு முன்னால் ஒரு பெண் முதுகைக் காட்டியபடி முழந்தாளிட்டிருந்தாள். அண்ணனின் பெயரைத் தமிழில் எழுதிவிட்டு விறுவிறென்று வெளியே வந்தேன்.

வீட்டில் சொன்னதும் மனைவி அடுப்பை நிறுத்தினாள். "ஆரும் கண்டவையே?"

"ஒரு பொம்பிளை இருந்தவ. முகம் தெரியேல்லை."

"தமிழிலயே எழுதினீங்கள்? அந்தக் கோயிலுக்கு எங்கட சனமும் போறது. நாளைக்கே போய் அழிச்சுப்போட்டு வாங்கோ."

மறுநாள் பேனாவோடு போனேன். அண்ணனின் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் இருந்தது. தமிழில், வேறு கையெழுத்தில். ஓர் ஆணின் பெயர். எனக்குத் தெரிந்த யாருடையதும் அல்ல. அண்ணனின் பெயரை அடித்தால் அதன்மேலும் கோடு விழும்போல அவ்வளவு நெருக்கமாக எழுதியிருந்தது. அடிக்காமல் திரும்பினேன்.

சனிக்கிழமை மூதாட்டி சட்டத்தை எடுக்க வந்தார். கோட்டும் சீருடையும் பக்கத்தில் பக்கத்தில். "கோயிலுக்குப் போனீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பினாரோ தெரியாது. நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பல வாரங்கள் மெற்றோவில் ஏறும் ஒவ்வொரு தமிழ் முகத்தையும் பார்த்தேன். எழுதியது இவரா, அவரா? எழுதியவரும் என்னைத் தேடியிருப்பாரா? அது யாரென்று இன்றுவரை தெரியாது.

அடுத்த நவம்பரில் மனைவியும் என்னோடு வந்தாள். போன வருடம் அண்ணனின் பெயருக்குக் கீழே இருந்த அந்தப் பெயர் இந்த முறை முதற்பக்கத்திலேயே இருந்தது. யாரோ எங்களை முந்திவிட்டார்கள். அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டிருந்தது. நான் பேனாவை நீட்டினேன். வாங்குவதற்கு முன் அவள் ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.