இல்லாத சட்டத்துக்கு ஹாஜர்

நான் ஓசூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. பெயர் சிங்கராயர். முப்பது வருஷமாக அடுத்தவர் வழக்கை எழுதி எழுதித் தேய்ந்துபோன ஆள். முன்கோபி வேறு. ஆத்திரத்தில் நல்லது செய்கிறேன் என்று கிளம்பி வாங்கிக் கட்டிக்கொண்டது நிறைய உண்டு. சென்றாயன் விஷயத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டது நானில்லை, அவர். ஊரில் யாரும் அவரை ‘அவர்’ என்று சொன்னதில்லை. நான் சொல்கிறேன்.

பாகலூர்ப் பக்கம் ஒரு கிராமம் அவருக்கு. ராயக்கோட்டைத் தக்காளிச் சந்தைக்கு ஈச்சங்கூடை முடைந்து கொடுப்பார். குறவர் சாதியில் பிறந்தது மட்டும்தான் அவர் செய்த குற்றம். வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் அந்தச் சாதியையே திருடர்கள் என்று எழுதி வைத்திருந்தது. பதினெட்டு வயதில் சென்றாயன் பெயரும் ஹாஜர் நோட்டில் ஏறியது. பொழுது சாய்ந்ததும் ஊர் நிர்வாகம் பார்க்கும் மணியக்காரர் வீட்டுக்குப் போய் நோட்டில் கைரேகை வைக்க வேண்டும். அங்கேயே மாட்டுக்கொட்டகையில் படுக்க வேண்டும். விடிந்ததும் இன்னொரு ரேகை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். கல்யாணமான பிறகும் அப்படித்தான்.

நாற்பத்தேழிலேயே அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். சென்றாயனிடம் சொல்லத்தான் யாருக்கும் தோன்றவில்லை. மணியக்காரர் ஏன் சொல்லப்போகிறார்? கொட்டகை கூட்டவும் விறகு பிளக்கவும் சும்மா ஒரு ஆள். இருபத்தொரு வருஷம் அந்த மனிதர் இல்லாத சட்டத்துக்கு ரேகை வைத்தார்.

அறுபத்தெட்டு ஐப்பசியில் என்னைத் தேடி வந்தார். மகன் முனிவேலுக்கு வயது வந்துவிட்டது, தை பிறந்தால் அவனும் வரட்டும் என்று மணியக்காரர் சொல்லியிருக்கிறார்.

“எனக்குப் பரவால்லீங்க சாமி, பளகிப்போச்சு. பையன் பேரு மட்டும் அந்த நோட்டுல ஏறக் கூடாதுங்க” என்றார்.

விஷயம் புரிந்தபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது. அன்றைக்கே மேலிடத்துக்கு மனு எழுதினேன். அப்படிச் சட்டம் எதுவும் இல்லை, யாரும் ஹாஜர் கொடுக்க வேண்டியதில்லை என்று ஒரு மாதத்தில் பதில் வந்தது. அதை மணியக்காரர் முன்னால் உரக்கப் படித்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். சென்றாயன் மட்டும் இரண்டு முறை கேட்டார்: “நெசமாவே வர வேண்டாங்களா?”

அதன்பின் அவர் தன் வீட்டில், மனைவி மாரம்மா பக்கத்தில் படுத்துத் தூங்கினார். மூன்று மாதம்.

மாசியில் பெரிய பண்ணைக்காரரின் கிணற்று மோட்டார் களவு போயிற்று. கிணற்றுப் பங்குக்காக அவருக்கும் அவர் அண்ணன் மகனுக்கும் இருந்த பகை ஊருக்கே தெரியும். போலீஸ் அந்த அண்ணன் மகனையும் விசாரித்தது, நாற்காலி போட்டு, காபி வரவழைத்து. சென்றாயனையும் முனிவேலையும் விசாரித்த விசாரணையில் முனிவேலுக்கு இடது காது போய்விட்டது.

இருவரும் வீட்டில்தான் தூங்கினார்கள் என்று மாரம்மா சொன்னாள். பெண்டாட்டி வேறு என்ன சொல்வாள் என்று சிரித்துவிட்டார்கள். நான் மணியக்காரரிடம் ஓடினேன்.

“முன்ன களவு போனப்போ மூணு தடவ நோட்டக் காட்டி, இவன் எங்கூட்டுக் கொட்டாய்லதான் படுத்திருந்தான்னு சொல்லி மீட்டுட்டு வந்திருக்கேன். நீங்கதான் நோட்டே வேணாம்னு எளுதி வாங்குனீங்க. இப்ப நான் என்னத்தக் காட்டட்டும்?” என்றார்.

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஜாமீனுக்கு நிலமுள்ள இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். கூடைக்காரருக்காகப் பட்டாவை நீட்ட யார் வருவார்? தகப்பனும் மகனும் நாற்பத்து மூன்று நாள் ஜெயிலில் கிடந்தார்கள். கடைசியில் மோட்டார் அந்த அண்ணன் மகனின் வைக்கோற்போருக்குள் கிடைத்தது. குடும்ப விவகாரம் என்று பெரியவர்கள் பேசி முடித்துக்கொண்டார்கள். அவன்மேல் வழக்கில்லை. இவர்களைப் போகச் சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான்.

விடுதலையான மறுநாள் இருவரும் என் முன்னால் வந்து நின்றார்கள். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

“இன்னொரு மனு எளுதுங்க சாமி. எம்பேர மறுபடி நோட்டுல ஏத்தச் சொல்லுங்க” என்றார் சென்றாயன்.

“அப்படி ஒரு சட்டமே கெடையாது சென்றாயா.”

“சட்டம் இல்லாட்டிப் போவுதுங்க. களவு போனா எங்களத்தான் புடிக்கிறாங்க. நாங்க எங்க படுத்திருந்தோம்னு சொல்றதுக்கு அந்த நோட்டு ஒண்ணுதானுங்களே இருந்துச்சு.” மகனைக் காட்டினார். “பையன் பேரையும் சேத்து எளுதுங்க.”

இவனாவது மறுத்துப் பேச மாட்டானா என்று முனிவேலைப் பார்த்தேன். நாங்கள் பேசுவது கேட்பதற்காக வலது காதை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றிருந்தான்.

“ஒண்ணு மட்டும் போட்டு எளுதுங்க சார்” என்றான். “நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன். எனக்கு ரேகை வேணாம், கையெளுத்துப் போட்டுக்கறேன்.”