எந்தத் தெரு?

கள்ளக்குறிச்சியில் ஆசிரியர்களுக்கு ஒரு கூட்டம். நம் ஒவ்வொருவர் மனத்திலும் இருக்கும் சாதியைப் பற்றி நான் பேசவேண்டும். பேருந்தில் குறிப்புகளைப் படித்துக்கொண்டு போனேன். பக்கத்தில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், சலவை செய்த வெள்ளைச் சட்டையில். யார் ஏறினாலும் மடியிலிருந்த பையை அணைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விடுவார். அந்தக் குணம் எனக்குப் பிடித்துப்போய்ப் பேச்சுக் கொடுத்தேன்.

“எந்த ஊருங்க?”

“களமருதூர் சார்.”

“ஊர்ல எந்தத் தெரு?”

களமருதூரில் எனக்கு ஒரு தெருவும் தெரியாது. தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும் என்பது மட்டும் தெரியும்.

அவர் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். ‘சாதி’ என்று மேலே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்.

“இம்மா நேரம் நல்லாத்தான சார் குந்திக்கினு வந்தோம்?” என்றார். குரலில் கோபமே இல்லை.

எழுந்துகொண்டார். பக்கத்து இருக்கை காலியாகவே கிடக்க, கள்ளக்குறிச்சி வரை நின்றுகொண்டே வந்தார்.

கூட்டத்தில் நன்றாகப் பேசினேன். கைதட்டினார்கள். அந்தக் கேள்வியை மட்டும் நான் சொல்லவில்லை.

இன்றும் புதிதாக யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், அவர் பெயரைக் கேட்கும் முன்பே அதுதான் என் நாக்கில் வந்து நிற்கிறது.