காப்பு கட்டிய கூண்டு

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் மாடி அறையில் குடியிருந்த தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், வேலை மாறி கம்பெனி ஹாஸ்டலுக்குப் போனபோது இகுவானாவை என்னிடம் விட்டுப் போனார். பெரிய ஓணான் மாதிரி இருக்கும்; இலை தழை மட்டும் தின்னும். இந்த ஜாதி பச்சையாக இருக்கும் என்பார்கள். இது செங்கல் சிவப்பு. வெயில் ஏறினால் பழுத்த மிளகாய் நிறத்துக்கு வரும்.

நான் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் காய் நறுக்குகிறேன். வீட்டுக்காரர் இறந்த பிறகு வீட்டில் பேச ஆளில்லை. அவர் இருந்தபோதும் நான் அதிகம் பேசியதில்லை. கேன்டீனில் மிஞ்சும் பூசணித் துண்டும் முருங்கைக்கீரையும் அதற்குக் கொண்டு வருவேன். வண்டி பாகங்கள் வந்த பழைய கம்பிக் கூண்டுதான் அதன் இடம். கதவைத் திறந்தால் என் முன்கையில் ஏறி நகத்தை ஊன்றிக் கிடக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் சத்தம் பிடிக்காது.

முதலில் தெரு சிரித்தது. "இன்னாக்கா, பொடவைக்கு மேட்ச்சா வாங்கினியா?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். ஆடி பிறந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை அதே பெண் கூண்டுக்கு முன்னால் கைகூப்பி நின்றாள்.

"ஆத்தா நெறத்துல கீதுக்கா. சும்மாவா வந்துருக்கும்?"

புற்றுக்கு வைப்பது போல ஒரு கிண்ணம் பாலும் ஒரு முட்டையும் வைத்தாள். அது இதற்கு ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். புருஷனுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும் என்று கண்ணில் தண்ணீரோடு வேண்டிக்கொண்டிருந்தாள். அவள் போனதும் எல்லாவற்றையும் எடுத்துக் கொட்டினேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது இன்னும் சில கிண்ணங்கள் இருந்தன. பாதி காலியாகியிருந்தன. அதன் மூக்கில் மஞ்சள்கரு ஒட்டியிருந்தது. முதுகெல்லாம் குங்குமம்.

அதற்குப் பிறகு நிறம் இறங்கத் தொடங்கியது. வால் நுனி கறுத்தது, பிறகு கால்கள். கீரையை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கையில் ஏறினால் நகத்தில் பிடிப்பில்லை. கூண்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன். கம்பி இடுக்கு வழியாக முட்டையை உடைத்து ஊற்றியிருந்தார்கள்.

"கறுப்பாவுது பாரு, உக்கிரம் ஏறுது" என்று வாசலில் பேசிக்கொண்டார்கள்.

கோயில் காரியம் பார்க்கும் என் கொழுந்தனார் வந்தார். "அண்ணி, கூழ் ஊத்துற அன்னிக்கி ஆத்தா வண்டியில இத வெச்சி ஊரு சுத்தி வரலாம்னு பேசிக்கினு கீறாங்க."

"அதுக்கு ஒடம்பு சரியில்லப்பா."

"ஆத்தாவுக்கு இன்னா ஒடம்பு?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வாணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. அப்புறம் எதுனா ஒண்ணு ஆச்சின்னா உங்களத்தான் கேப்பாங்க" என்றார்.

தூத்துக்குடிக்காரருக்குப் போன் செய்தேன். "யக்கா, இன்னும் முட்ட உள்ள போச்சுன்னா பொழைக்காது. பம்பைச் சத்தம் வேறயா? நாளைக்குக் காலையில வாரேன். படப்பையில என் சேக்காளி ஒருத்தன் கிளி, ஆமையெல்லாம் வளக்கான். அவங்கிட்ட விட்டுருவோம்" என்றார்.

அன்று சாயங்காலமே காப்பு கட்டினார்கள். காப்பு கட்டிக்கொண்டவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கரகம் எடுப்பவர் கையில் கட்டிவிட்டு, பம்பையோடு நேரே என் வீட்டுக்கு வந்தார்கள். கொழுந்தனார் மஞ்சள் கிழங்கு கோத்த நூலைக் கூண்டுக் கம்பியில் சுற்றி முடிச்சு போட்டார். உள்ளே அது கண்ணை மூடிக்கொண்டது.

காலையில் தலையணை உறையோடு வந்தவர் நூலைப் பார்த்ததும் பின்வாங்கினார்.

"யக்கா, காப்பு கட்டிருக்கே. நான் தொட மாட்டேன்."

ஊர்க்காரி நான் தொடவே கூடாதுதான். பூட்டைத் திறந்தேன். காலை வெயிலிலும் அது ஜில்லென்று, அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. எடுத்து உறைக்குள் விட்டு அவர் கையில் கொடுத்தேன். முடிச்சைத் தொடவில்லை. வண்டிச் சத்தம் மறைந்ததும் காலிக் கூண்டைச் சாத்தினேன்.

மத்தியானம் கொழுந்தனார் வந்து கூண்டை ரொம்ப நேரம் பார்த்தார். "எங்க?"

"அனுப்பிட்டேன்."

"காப்பு கட்னப்புறமா?"

தலையாட்டினேன். அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். "மழ வரட்டும் அண்ணி. ஏரி ரொம்புதான்னு பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

படப்பையிலிருந்து போட்டோ வந்தது. கீரை தின்கிறதாம். கழுத்தில் சிவப்பு திரும்பியிருக்கிறது.

இங்கே ஐப்பசி நடக்கிறது. ஏரியில் இன்னும் தரை தெரிகிறது. ஆடியிலேயே திருவிழா முடிந்து எல்லோர் காப்பையும் அவிழ்த்தார்கள். என் கூண்டில் கட்டியதை அவிழ்க்க யாரும் வரவில்லை. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். தெருவில் யாரும் என்னோடு சண்டைக்கு வருவதில்லை. வானத்தைப் பார்க்கிறார்கள். பிறகு என் வாசலைப் பார்க்கிறார்கள்.