மாடிப்படியில் ஏறிய இத்தாலி

இத்தாலியத் தளபாடம் கடைக்குள் நிற்கும்வரை அழகு. அதை மாடிக்குத் தூக்குகிறவனுக்குத்தான் அதன் மற்றப் பக்கம் தெரியும். லிஃப்ட் இல்லாத வீட்டுக்கு ஒரு சோபாவையாவது தூக்கியிருந்தால், நீங்களும் என் இனம்; மேலே வாசியுங்கள்.

சுவிஸில் ஷ்லீரன் என்ற ஊரில் உள்ள ஒரு தளபாடக் கடையில் எனக்கு வேலை. இத்தாலியிலிருந்து வரும் சாமான்களை வீடுகளுக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பூட்டிக் கொடுக்க வேண்டும். கூட வருபவர் சாண்ட்ரோ, இத்தாலியில் பெர்காமோ பக்கத்து ஆள். அதிகம் கதைக்க மாட்டார்.

கல்லில் ஒரு கோடு

லுசேர்ணில் ஒரு பழைய வீடு. ஓய்வுபெற்ற ஒரு அம்மா சாப்பாட்டு மேசைக்கு மார்பிள் பலகை வாங்கியிருந்தார். மார்பிளைப் படுக்கவைத்துத் தூக்கினால் தன் பாரத்திலேயே உடைந்துவிடும். கதவைப்போல நிமிர்த்தித்தான் கொண்டுபோக வேண்டும். சாண்ட்ரோ மேலே, நான் கீழே. படி வளைகிற இடத்தில் கல் சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இறுகிவிட்டது. மேலே போகவில்லை, கீழேயும் வரவில்லை. சாண்ட்ரோவின் பிடி நழுவினால் அவ்வளவும் என் நெஞ்சில். அவர் மெல்லிய குரலில், தான் சொல்லும்போது மட்டும் தூக்கு என்றார். சொன்னார், தூக்கினேன். கைப்பிடிக்கு மேலாக ஒரு மயிரிழை இடத்தில் கல் திரும்பியது.

பலகையை மேசைக் கால்களில் பூட்டி முடித்தோம். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கல்லில் ஓடிய சாம்பல் கோட்டை விரலால் தடவி, இது வெடிப்பா என்று கேட்டார். அது கல்லோடு பிறந்த வரி, இத்தாலியில் அந்த வரியைப் பார்த்துத்தான் கல்லையே தெரிவுசெய்வார்கள் என்று சாண்ட்ரோ விளக்கினார். அந்த அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப கோடு இல்லாத பக்கத்தை மேலை வாற மாதிரிப் பிரட்டிப் போடுங்கோவன்."

யன்னலுக்கு வெளியே

இத்தாலியர்களுக்கு யன்னலுக்கு எதிரே ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருக்க வேண்டும். வெளிச்சம் அதில் பட்டு வீடு இரண்டு மடங்காகத் தெரியும். ஏரிக்கரையில் நாலாம் மாடி வீடு ஒன்றுக்கு அப்படியொன்றை, வெளியிலிருந்து யன்னலுக்குச் சாய்த்து வைக்கும் ஏணி லிஃப்டில் ஏற்றினோம். பாதி வழியில் ஏரிப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. கட்டியிருந்த பட்டி ஒன்று தளர்ந்து, கண்ணாடி இலேசாக ஆடத் தொடங்கியது. நான் லிஃப்டை நிற்பாட்டிவிட்டு, கண்ணாடியில் கட்டியிருந்த கயிற்றைக் கீழே நின்று இழுத்துப் பிடித்தேன். மேல் யன்னலில் சாண்ட்ரோ கையை நீட்டிக்கொண்டு நின்றார், எட்டவில்லை.

அந்த நேரம் பார்த்து இரண்டாம் மாடி யன்னல் திறந்தது. முகமெல்லாம் சவர்க்கார நுரையோடு ஒரு மனிதர். தன் முகத்தைத் தானே எதிரில் பார்த்துத் திகைத்தார். பிறகு கீழே என்னைப் பார்த்தார். "அவசரமில்லை, நான் சவரம் முடிக்கிற மட்டும் இதிலேயே நிக்கட்டும்."

தாழ்ந்த விளக்கு

வெனிஸ் கண்ணாடியில் செய்த தொங்கு விளக்கு. மனைவி ஜூலியா மிலானோக்காரி. கணவர் சுவிஸ்காரர், நல்ல உயரம். நான் ஏணி உச்சியில் விளக்கைத் தாங்கிக்கொண்டு நிற்கிறேன், சாண்ட்ரோ வயரைப் பிடித்திருக்கிறார். அப்போதுதான் இருவருக்கும் எந்த உயரம் என்ற பிரச்சினை வந்தது. தலை இடிக்காமல் மேலே கட்டச் சொன்னார் கணவர். மேசைக்கு மேல் தாழத்தான் தொங்க வேண்டும் என்றார் ஜூலியா. குரல்கள் ஏற ஏற, நான் விளக்கை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினேன். கண்ணாடிப் பூக்கள் ஒன்றோடொன்று முட்டிக் கிலுங்கின.

திடீரென்று ஜூலியா குரலைத் தணித்தார். மேலே கட்டினால் வெளிச்சம் தலையில்தான் விழும், தனக்கு அவருடைய முகம் தெரிய வேண்டும், வேலையால் வீட்டுக்கு வந்து அவர் தன்னை நிமிர்ந்து பார்த்தே எவ்வளவோ காலமாகிவிட்டது என்றார். ஏணியில் நின்ற எனக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கணவர் ஒரு கதிரையை இழுத்து, அவவுக்கு எதிரே இருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் இறக்குங்கோ."

வாசலில் நின்ற அலுமாரி

இது திரிம்பாக் என்ற ஊரில், எங்கள் தமிழ் ஆட்களின் வீடு. மகன் நிரோசன் கலியாணம் முடித்தது எலிசாவை. சுவிஸில் இத்தாலிய மொழி பேசும் திச்சினோவில் வளர்ந்த இத்தாலியப் பிள்ளை. புது வீட்டுக்கு எல்லாம் அவளுடைய தெரிவு: மணல் நிறச் சுவர், வெறும் தரை, உயரம் குறைந்த சோபா. இவற்றுக்கு நடுவே செத்துப்போன அவளுடைய தாயின் பழைய, இடுப்பளவு உயரமான வால்நட் மர அலுமாரி. புதுசுக்கு நடுவில் குடும்பத்துப் பழசு ஒன்று இருப்பதுதான் இத்தாலியர்களுடைய வழக்கம்.

அலுமாரியை வண்டியிலிருந்து இறக்கி வாசலில் வைத்ததும் நிரோசனின் தாய் குறுக்கே வந்து நின்றார். "தம்பி, நீங்கள் எங்கடை ஆள்தானே. செத்தவையின்ரை சாமான் புதுவீட்டுக்கை வரக்கூடாது எண்டு அந்தப் பிள்ளைக்கு இத்தாலியப் பாஷையிலை சொல்லிவிடுங்கோ." நான் நிரோசனைப் பார்த்தேன். அவன் தன் சப்பாத்தைப் பார்த்தான். வேறு வழியில்லாமல், எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில், முடிந்தவரை மெதுவாகச் சொன்னேன். எலிசா கோபப்படவில்லை. படியிறங்கி வந்து அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றாள். அம்மா சமைக்க, இதற்கு மேலே கொப்பியை வைத்துத்தான் தான் எழுதப் பழகினாளாம். இது வெளியில் நின்றால் தானும் வெளியில்தான் நிற்பாளாம். அதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

தூறத் தொடங்கியது. சாண்ட்ரோ தன் ஜக்கெற்றைக் கழற்றி அலுமாரிக்கு மேல் போட்டார். எலிசா அசையவில்லை, அவளுடைய தலைமயிர் நனைந்தது. நிரோசனின் தாய் அவளைப் பார்த்தார். பிறகு கிட்ட வந்து, அலுமாரிக் கதவில் வழிந்த தண்ணியைத் தன் சீலைத் தலைப்பால் துடைத்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "உள்ளை கொண்டுபோங்கோ தம்பி, ரெண்டும் நனையுது."

இத்தாலிய அலங்காரம் வீட்டுக்கு அமைதி தரும் என்று கடையில் சொல்லித்தான் விற்கிறார்கள். அந்த அமைதி வாசலைத் தாண்டும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.